நித்யகல்யாணி சாறு குடிச்சவங்க யாராவது இருக்கீங்களா?

ஓ.டி. பையன், கடலூர்

அப்பாவுக்கு லிம்ஃபோமா, நிணநீர்ல வர்ற கேன்சர். புதுச்சேரில கீமோ, மூணாவது சைக்கிள். ஊசி போட வந்த சிஸ்டர் பேச்சுவாக்குல, "இந்த வின்கிரிஸ்டின் எதுலேர்ந்து வந்துச்சு தெரியுமா? நம்ம சுடுகாட்டுப் பூவுலேர்ந்துதான்"னு சொல்லிட்டாங்க. சித்தப்பா பக்கத்துல இருந்தார். அவ்வளவுதான். மறுவாரம் கெடிலம் கரையிலேர்ந்து ஒரு பை நிறைய நித்யகல்யாணி, வேரோட. மிக்ஸில அடிச்சு வடிகட்டி டம்ளர்ல ஊத்தினது நான்தான். அப்பா மோந்து பார்த்துட்டு, "ஏன்டா, என்னைக் கொண்டுபோறதுக்கு முன்னாடியே பூவைக் கொண்டாந்துட்டீங்களா?"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். ரெண்டு மடக்கு குடிச்சார். ராத்திரி முழுக்க வாந்தி. விடிஞ்சதும் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"ன்னு கேட்டப்போ அப்பா என் மூஞ்சியைப் பார்த்தார். நான் "இல்ல சார்"னேன்.

அந்தப் பார்வை இன்னும் போகலை. வேற யாராவது குடிச்சிருக்கீங்களா?

மஞ்சக்குப்பம் டீச்சர்

பூ இல்ல தம்பி, எங்க வீட்டுல மஞ்சள். அம்மாவுக்கு மார்புல கேன்சர் கட்டி எடுத்தப்புறம் அது திரும்ப வராம இருக்க தமாக்சிஃபென் மாத்திரை, தினம் ஒண்ணு. பண்ருட்டி அண்ணி மிளகுச்சத்து சேர்த்த குர்குமின், அதான் மஞ்சள் சத்து, மாத்திரை டப்பாவோட வந்தாங்க, "பரவாதாம், போன்ல வந்துச்சு"ன்னு. அம்மா அது போதாதுன்னு மஞ்சப்பொடியை மோர்ல வேற கரைச்சுக் குடிச்சிருக்காங்க. செக்கப் ஃபைல் பூரா மஞ்சள் விரல் ரேகை! டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி ரேகையைத்தான் பார்த்தாங்க. "சாம்பார்ல போடுறதைப் போடுங்க, டப்பாவை மூடி வைங்க"ன்னாங்க. 2019ல நெதர்லாந்துல தமாக்சிஃபென் சாப்பிடுறவங்களுக்கே குர்குமினும் மிளகுச்சத்தும் குடுத்துப் பார்த்தாங்களாம். ரத்தத்துல மருந்தோட அளவு குறைஞ்சிருக்கு. அண்ணி இன்னும் என்கிட்ட சரியாப் பேசுறதில்ல.

வில்லியனூர் விவசாயி

ஒரு மரத்துப் பட்டையிலேர்ந்து அமெரிக்காக்காரன் எடுத்தா பாக்லிடாக்சல், கேன்சர் மருந்து. நம்ம வேலியோரத்துச் செடின்னா மூடநம்பிக்கையா டீச்சர்? எங்க பெரியம்மா முள்சீத்தா இலையைக் கொதிக்க வெச்சுத்தான் ஆறு வருஷம் இருந்தாங்க. ஆபரேஷனும் பண்ணாங்கதான், அதை நான் மறைக்கல. ஆனா கடைசி வரைக்கும் அந்தப் பாத்திரத்தை யாரையும் கழுவ விடமாட்டாங்க.

லாஸ்பேட்டை கெமிஸ்ட்ரி

என் கதை ஒரு வரிதான்: எம்.எஸ்சி. படிக்கும்போது லேப்ல குர்குமின் போட்ட தட்டுல கேன்சர் செல் நகராம நின்னதைப் பார்த்து ஹாஸ்டலுக்கு ஓடிப்போய் அம்மாவுக்கு போன் பண்ணினேன். கைடு சிரிச்சார். "தட்டுல பினாயில் ஊத்தினாலும் நிக்கும்டா."

வில்லியனூர் அண்ணே, யாரும் செடியைக் குறை சொல்லல. கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே நித்யகல்யாணியைச் சர்க்கரை வியாதிக்குத்தான் பார்க்கப் போனாங்க. எலிக்குச் சர்க்கரை குறையல, வெள்ளையணு சரிஞ்சு போச்சு. அந்த வழியில வந்ததுதான் 1958ல வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டினோட சொந்தக்கார மருந்து. பாக்லிடாக்சல் கட்டமைப்பை 1971ல வெளியிட்டவங்கள்ல ஒருத்தர் மன்சுக் வானி, நம்ம நாட்டுல பிறந்தவர். வின்கிரிஸ்டின், பாக்லிடாக்சல் ரெண்டுமே செல் பிரியறதுக்கு வேணும்கிற நுண்குழாய்லதான் கை வைக்குது. வின்கிரிஸ்டின் அதைக் கட்ட விடாது, பாக்லிடாக்சல் கட்டினதைப் பிரிக்க விடாது.

ஆனா அளவு! வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்குப் பெரியவங்களுக்கே பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல போகமாட்டாங்க. அதுவும் ரத்தக் குழாய்ல ஊசியா மட்டும்தான். அதுலயே கால் விரல் மரத்துப்போகும், சட்டைப் பித்தான் மாட்ட வராது, மலம் இறங்காது. மிக்ஸில அடிச்சா எவ்வளவு போச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்தச் செடியில நூத்துக்கும் மேல ஆல்கலாய்டு, அதாவது வீரியமான ரசாயனங்கள். முள்சீத்தாவும் அப்படித்தான். கரீபியன்ல குவாதலூப் தீவுல அந்த வகைப் பழமும் இலைக் கஷாயமும் நிறைய எடுத்துக்கிட்டவங்ககிட்ட பார்கின்சன், அதான் கை நடுங்குற நரம்பு வியாதி, அது மாதிரி ஒரு நோய் அதிகமா இருக்குன்னு 1999ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதனால எல்லாரும் ஒரு நோட்டு போடுங்க. என்ன குடிக்கிறோம், எத்தனை மணிக்கு, எத்தனை டம்ளர்னு எழுதுங்க. கீமோவுக்குப் போறப்ப அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. அப்புறம் பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரை, அதுவும் போர்டெசோமிப்னு ஒரு ரத்தக் கேன்சர் மருந்து போட்டுக்கிறவங்களுக்கு ஆகாது...

வில்லியனூர் விவசாயி

எங்க பெரியம்மாவுக்குக் கடைசி வரை கை நடுங்கினதே இல்ல. எழுதி வெச்சுக்கோங்க, நோட்டுல.

பாகூர் மருமக

டீச்சரக்கா, அந்த மஞ்சள் மாத்திரை எந்தக் கடையில வாங்கினது? மாமியார் கேக்கச் சொன்னாங்க.

ஓ.டி. பையன், கடலூர்

கெமிஸ்ட்ரி அண்ணே, நான் கேட்டது யாராவது குடிச்சீங்களான்னு. இருந்தாலும் அந்தச் சட்டைப் பித்தான் விஷயம் படிச்சதும் உள்ள போய்ப் பார்த்தேன். அப்பா ரெண்டு நாளா லுங்கியும் துண்டும்தான். நாங்க வெயில்னு நினைச்சிட்டு இருந்தோம்.

வியாழக்கிழமை அடுத்த சைக்கிள். பொய் சொன்னதை டாக்டர்கிட்ட நான் சொல்லணுமா, அப்பாவே சொல்லிடுவாரான்னு தெரியல. சித்தப்பாவை இந்தத் தடவை வர வேணாம்னு சொல்லியிருக்கேன்.