பணி விவரக் குறிப்பில் எது இன்றியமையாதது, எது துணைப் பணி?

கேள்வி (கிடங்கு மேற்பார்வையாளர், நியூ ஜெர்சி):
வணக்கம். நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு மருத்துவப் பொருள் கிடங்கில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகச் சரக்கிருப்புக் கணக்கைப் பார்த்துவரும் ஒருவர், முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறார். இனி 20 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய பணி விவரக் குறிப்பிலோ, 50 பவுண்டு தூக்குவது, ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பது, மதிய வேளையில் தொலைபேசியைக் கவனிப்பது எனப் பத்தொன்பது வரிகள் எந்த வேறுபாடுமின்றி அடுக்கப்பட்டுள்ளன. தூக்க முடியாதவருக்கு இவ்வேலை பொருந்தாது என்று நிர்வாகம் கருதுகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அதிக நேரம் பிடிக்கும் பணியே இன்றியமையாதது என்று கொள்ளலாமா?

மறுமொழி 1 (மனிதவளத் துறையில் இருப்பவர்):
நேரம் ஒரு சான்று மட்டுமே. 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குப் பொருந்துவதால் உங்கள் கிடங்கும் அதற்குள் வருகிறது. ஒரு பணி இன்றியமையாததா என்று முடிவு செய்ய, அதன் விதிகள், அந்தப் பதவி உருவாக்கப்பட்டதே அப்பணிக்காகத்தானா, அதைப் பகிர்ந்துகொள்ள வேறு ஆட்கள் உண்டா, அதைச் செய்யத் தனித்தேர்ச்சி வேண்டுமா என்று பார்க்கச் சொல்கின்றன. தீயணைப்பு வீரர் மயங்கிக் கிடப்பவரைச் சுமந்து வெளியேறுவது அன்றாடம் நடப்பதல்ல. ஆயினும் அதைச் செய்ய இயலாதபோது உயிரே போகும் என்பதால் அது இன்றியமையாதது. மறுபுறம், தினமும் ஒரு மணி நேரம் செய்யும் வேலைகூட, பக்கத்து மேசைக்காரர் எளிதாக ஏற்கக்கூடியதாக இருந்தால் துணைப் பணியாகவே இருக்கலாம்.

நிர்வாகத்தின் கருத்தையும், ஆள் எடுக்க விளம்பரம் செய்வதற்கு முன்பே எழுதப்பட்ட குறிப்பையும் சட்டம் சான்றாக ஏற்கிறது. ஆனால் அவை மட்டுமே முடிவாகிவிடா. அந்தப் பதவியில் முன்பு இருந்தவர்களும் இப்போது அதே வேலையைச் செய்பவர்களும் நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்பதும் எடைபோடப்படும். எனவே ஒரு வாரம் அருகிலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பில் செய்முறையை எழுதாமல், கிடைக்க வேண்டிய பலனை எழுதுங்கள். "50 பவுண்டு தூக்க வேண்டும்" என்பது செய்முறை. "பெட்டிகளை இறக்குமேடையிலிருந்து அடுக்குக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்" என்பது பலன். தள்ளுவண்டியாலும் அந்தப் பலன் கிடைக்குமே! இன்றியமையாத பணியை நீக்கும்படி சட்டம் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. துணைப் பணியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதோ, நியாயமான வசதி செய்து தருவதோதான் எதிர்பார்க்கப்படுகிறது.

மறுமொழி 2 (மருந்தக மேலாளர்):
மேலே சொன்னது சரி. ஆனால் ஆள் எண்ணிக்கையை எளிதாகக் கடந்துவிட வேண்டாம். எங்கள் இரவுப் பணியில் இருவர் மட்டுமே இருப்பதால், பகலில் துணைப் பணியாக இருக்கும் சரக்கு இறக்கம் இரவில் இன்றியமையாததாகிவிடுகிறது. ஒரே பெயருள்ள பதவியானாலும் ஒவ்வொரு பணிமுறையையும் (ஷிப்டையும்) தனியாகப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

மறுமொழி 3 (கணக்காளர்):
கேட்கும் திறன் குறைந்த எனக்கு, முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் வரும் தொலைபேசி அழைப்புகளைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுத்தார்கள். கணக்கை முடிப்பதுதான் என் வேலை. அதில் ஒரு குறையும் அவர்கள் சொன்னதில்லை. அருள்கூர்ந்து, முடிவெடுக்கும் முன் அந்தப் பணியாளரையே அழைத்துப் பேசுங்கள். எந்த வேலையை எப்படிச் செய்து வந்தார் என்பது அவருக்குத்தான் நன்கு தெரியும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று அவருடன் தொலைபேசியில் பேசினேன். அறுவை சிகிச்சைக்கு முன்பே கனமான பெட்டிகளை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்தான் நகர்த்தி வந்தார் என்றும், தாம் தூக்கியது வெள்ளிக்கிழமை மாலை வரும் கடைசி லாரியில் மட்டுமே என்றும் சொன்னார். ஓட்டுநர் உரிமம் அந்தப் பதவிக்கு ஏன் கேட்கப்பட்டது என்று அலுவலகத்தில் யாராலும் சொல்ல இயலவில்லை. வெள்ளி மாலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வருகைப் பதிவை இன்று எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் செல்கிறேன்.