வரைவார்கள், பேச மாட்டார்கள்: ஆண்கள் குழுவில் எவ்வளவு தூரம் கேட்கலாம்?

கரிக்கோடு (கேள்வி):
ஆண்கள் மட்டும் கூடி வரையும் சிறு குழு ஒன்றை நடத்தி வருகிறேன். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். தயங்காமல் வரைகிறார்கள், ஆனால் வரைந்ததைப் பற்றிப் பேசச் சொன்னால், நிழல் சரியாக விழவில்லை, அளவு பிசகிவிட்டது என்று நுட்பத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சென்ற கூட்டத்தில் ஒருவர் மறைந்த தம் தந்தையை வரைந்தார். மடியில் கிடந்த கைகளை நகக்கண்வரை விடாமல் தீட்டியவர், முகம் இருக்க வேண்டிய இடத்தை வெறுந்தாளாக விட்டிருந்தார். காரணம் கேட்டதற்கு நேரம் போதவில்லை என்றார். கலங்காமல் இருப்பதே ஆண்மை என்று பழகிவிட்டவர்களை, கலையின் வழியாகவேனும் மனம்விட்டுப் பேசவைக்க எவ்வளவு தூரம் கேட்கலாம்?

களிமண்:
அவர் சொல்ல வந்ததைக் கைகளிலேயே சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மானியப் பெண் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் 'துயருறும் பெற்றோர்' சிற்பங்களைப் பாருங்கள். 1914 அக்டோபரில் போர்முனையில் இறந்த இளைய மகன் பேட்டரின் நினைவாகத் தொடங்கி, இடையில் கைவிட்டு, மீண்டும் எடுத்து, 1932இல்தான் அவர் அதை முடித்தார். தாய் கூனிக் குறுகிக் கிடக்கிறாள். தந்தையோ முழந்தாளிட்டு நிமிர்ந்திருக்கிறார். இரு கைகளாலும் தம்மையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணீர் இல்லை, விரிந்த வாய் இல்லை. அந்தத் தந்தைக்குக் கோல்விட்ஸ் தம் கணவர் கார்லின் சாயலைக் கொடுத்தார். மகன் படையில் சேர முதலில் இசைய மறுத்தவர் கார்ல். மனைவி கேட்டுக்கொண்ட பிறகே சம்மதித்தார். அதை அறிந்தபின் அந்தக் கைகளைப் பார்ப்பது கடினம்.

களிமண்ணில் உருவங்கள் செய்யும் எனக்கு இது பழகிய அனுபவம்: முகம் மறைக்கக் கற்றுக்கொண்டதைத் தோளும் முதுகும் அவ்வளவு எளிதில் மறைப்பதில்லை. வான்கோ 1890இல் தீட்டிய முதியவரும் முகத்தை இறுக மூடிய இரு கைகளில் புதைத்தபடிதான் அமர்ந்திருக்கிறார். அவர் படும் பாடு நமக்குத் தெரியாமலா போகிறது? ஆகவே முகத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கைகள் என்ன வேலை செய்தவை என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் நிச்சயம் பதில் இருக்கும்.

புறத்திணை:
களிமண் சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் ஒரு பகுதியில் உடன்பட முடியவில்லை. ஆணின் மௌனத்தை அழகாகக் காட்டும் கலை நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அந்த அழகே அவன் மேலும் பேசாதிருக்க ஒரு சாக்காகிவிடக் கூடாது. புறநானூற்றின் 245ஆம் பாடலில், மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு நிற்கும் சேரமான் மாக்கோதை, என் துயரம் எவ்வளவு பெரிதானாலும் என் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லையே, இன்னும் வாழ்கிறேனே என்று தன்னையே நொந்துகொள்கிறான். ஓர் அரசன், தன் வாயால், மறைக்காமல் சொல்கிறான். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, அடுக்கும்போதும் நகையை அடுத்து அழுகையைத்தான் வைக்கிறது. அதைப் பெண்ணுக்கு மட்டும் ஒதுக்கவில்லை. எனவே கேளுங்கள். ஒருமுறை, மென்மையாக, மற்றவர்கள் கலைந்த பிறகு. அவர் தட்டிக்கழித்தால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வரிசை:
பாஸ் யான் ஆடர் என்ற டச்சுக் கலைஞர் 1971இல் எடுத்த ஒலியற்ற குறும்படத்தில், கேமராவின் முன் அழுகிறார், அவ்வளவுதான். சொல்ல முடியாத அளவு சோகமாக இருக்கிறேன் என்பதே தலைப்பு. காரணத்தை அவர் கடைசிவரை சொல்வதில்லை, அதனால் அந்த அழுகை நம்மை எட்டாமல் போவதுமில்லை. மனம் திறப்பது வேறு, விவரம் தருவது வேறு என்பதை எனக்கு உணர்த்திய படைப்பு அது.

நடைமுறைக்கு வருகிறேன். படங்களைச் சுவரில் ஒட்டி, வரைந்தவர் வாய் திறக்கும் முன் மற்றவர்கள் தாம் கண்டதை மட்டும் சொல்லட்டும். பொருள் சொல்ல வேண்டாம். விரும்பினால் வரைந்தவர் இறுதியில் பேசலாம். நீங்களும் உடன் வரைந்து உங்கள் படத்தையும் அங்கே ஒட்டுங்கள், ஏனெனில் நடத்துபவர் மட்டும் மூடியிருந்தால் மற்றவர்கள் திறக்க மாட்டார்கள். யாரேனும் கண்கலங்கினால் கைதட்டிப் பாராட்டிவிடாதீர்கள்; அடுத்தவர் அதையே தாமும் தேற வேண்டிய பரீட்சையாக எடுத்துக்கொள்வார். அனுமதியின்றி எந்தப் படத்தையும் புகைப்படம் எடுக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் படத்திலோ பேச்சிலோ தலைகாட்டினால், அதைக் கலையாகப் பார்த்துக்கொண்டிராமல், அன்றே தனியே அமர்ந்து நேரடியாகக் கேட்டு, மனநல ஆலோசகரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.