டிசம்பர் 23: ரங்கூனும் தனுஷ்கோடியும்

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பதினைந்து வயதில் ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கடைக்கு, கிட்டங்கி என்போம், பெட்டியடிப் பையனாக, எடுபிடிக் கணக்கராகப் போனவர். 1941 டிசம்பர் 23 காலை ஜப்பான் விமானங்கள் வந்தபோது சனமெல்லாம் தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்ததாம். இவரும்தான். “வெள்ளிக்காசை வீசி இறைச்ச மாதிரி மினுங்குச்சுடா” என்பார். அப்புறம்தான் குண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒருநாள் விட்டு, கிறிஸ்துமஸ் அன்றும் விழுந்தது. அரக்கான் மலையை நடந்தே தாண்டி, சிட்டகாங், கல்கத்தா வழியாக ஊர் வந்தார். கையில் இருந்தது ஒரு பேரேடு. வரவேண்டிய பாக்கியெல்லாம் அதில் பத்திரமாக இருந்தது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்பங்கு நிலம் அப்போது, அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நம் நகரத்தார் செட்டியார்கள் கையில். 1930க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாதவர்களின் அடமான நிலம் வந்து சேர்ந்தது. பர்மாக்காரர்களுக்கு நம்மேல் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஐயாவின் கதையில் இந்தப் பகுதி மட்டும் வந்ததே இல்லை.

டிசம்பர் 23 அன்று மட்டும் வளவில், வீட்டு நடு முற்றத்தில், வெயில் காய வரமாட்டார். அங்கே தலைக்கு மேல் வானம் தெரியும்.

காரைக்குடியிலிருந்து:

அண்ணே, தேதியைப் பார்த்ததும் திக்கென்றது. எங்கள் ஆயாவும் (பாட்டி) இதே நாளைச் சொல்வார், ஆனால் 1964. முந்தின நாள் ராத்திரி அடித்த புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் நூறு பேருக்கு மேல். 23 விடிந்தபோது தனுஷ்கோடி என்று ஓர் ஊரே இல்லை. அப்போது நாமும் ராமநாதபுரம் மாவட்டம்தானே, சிவகங்கை பிரிந்தது 1985ல்.

ஆயாவின் அண்ணன் அன்று ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தார். பாம்பன் பாலம் போய்விட்டது, தந்தியும் இல்லை. நாலு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள், படகில் மண்டபம் வந்து, கிடைத்த லாரியில் ஏறி, செருப்பில்லாமல் வீட்டு முகப்பில் வந்து நின்றாராம். பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். பொறுப்பேற்றவர், பிற்பாடு டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன். ஆயாவின் அண்ணன் அதற்கப்புறம் அந்தப் பாலத்தில் ஏறவே இல்லை.

உங்கள் ஐயா 1964ல் இருந்தாரா அண்ணே?

தேவகோட்டையிலிருந்து:

இருந்தார். ரேடியோவில் செய்தி ஓடியபோது எழுந்து போய் அணைத்துவிட்டு, தேதி என்ன என்று மட்டும் அப்பத்தாவிடம் கேட்டாராம்.