மலையில் முயல் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?

குன்னூர் அம்மா:

மகளுக்கு ஒரு பிராணி வேண்டுமாம். நாய் என்றால் வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. எங்கள் லைனில் ராத்திரி சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போவது சாதாரணமாகிவிட்டது. ஆகவே பேச்சு முயலில் வந்து நிற்கிறது.

சந்தைக்கு வெளியே கூடையில் குட்டி வைத்து விற்கும் ஒருவரைப் பார்த்தேன். "இந்த ரகம் உள்ளங்கை அளவுக்கு மேல் வளராது, ரெண்டு பிடி புல்லும் ஒரு கேரட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம், ஜோடியாத்தான் வாங்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னார். மாமியாரோ இந்தக் குளிரில் தாங்காது என்கிறார். மலையில் வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். கறிக்கு இல்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேல்மலை ஆள்:

அக்கா, நான் கொடைக்கானல் மேல்மலை. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கும் நிறுவனத்தின் தென் மண்டலக் கிளை. எங்களுக்கு அது வெறும் 'ஆட்டுப் பண்ணை'. ஆடு பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் முயல் கொட்டகையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அங்கே வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா மாதிரி ரகங்களை வளர்க்கிறார்கள். உங்கள் பக்கத்தில் ஊட்டியை ஒட்டி சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு நிலையம் இருக்கிறது, அங்கும் முயல் உண்டு.

இந்த ரகங்களெல்லாம் கறிக்கென்று வளர்க்கிறவை. நன்றாகத் தின்று வளர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். தமிழ்நாட்டுப் பண்ணைகளில் பெரும்பாலும் இவையும் இவற்றின் கலப்பும்தான். கூடைக்காரர் காட்டிய 'வளராத ரகம்' அநேகமாக இதன் குட்டியாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிறது என்றால் வயது பத்தவில்லை என்று அர்த்தம்.

பிறந்து மூன்று வாரத்தில் குட்டி புல்லைக் கொறிக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பருவத்தில் இருக்கும் அழகு அப்புறம் வராது, அதனால்தான் அப்போதே கூடைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அது இன்னும் தாய்ப்பாலில் இருக்கும் குட்டி. 6 வாரமாவது தாயோடு இருக்க வேண்டும், 8 வாரம் என்றால் இன்னும் நல்லது. முன்னாடியே பிரித்து, கீழ்நாட்டு வெயிலில் இருந்து அட்டைப்பெட்டியில் பஸ் ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மேலே கொண்டுவந்தால் வயிறு தாங்காது, கழிச்சல் பிடிக்கும். என் சித்தப்பா வீட்டில் இப்படி வாங்கிய இரண்டும் அந்த வாரமே செத்தன. விற்றவரை அப்புறம் அந்தப் பக்கமே காணோம்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறவரிடம் வாங்கவே வேண்டாம். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். பின்கால் அந்தரத்தில் தொங்கினால் உதறும், அந்த உதறலிலேயே முதுகெலும்பு முறியலாம். காதுக்குள் பொருக்கு இருக்கிறதா, வாலடி சுத்தமா, மேல்பல் கீழ்ப்பல் சரியாகச் சேர்கிறதா பாருங்கள். முன்னங்காலின் உட்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்கே முடி சடைபிடித்திருந்தால் ஒழுகும் மூக்கை அதில் துடைத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். எதிரே எவ்வளவு துறுதுறுவென்று ஓடினாலும் அதை விட்டுவிடுங்கள்.

கேத்தி தோட்டக்காரர்:

தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்க்க வேண்டும். முயலுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். காய்ந்த புல் தின்கிற ஜீவனுக்குத் தண்ணீர் இல்லையென்றால் உள்ளே எல்லாம் கட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் கேரட்டுக்குப் பஞ்சமில்லை. கழுவும் இடத்தில் உடைந்தது, வெடித்தது என்று குவிந்து கிடக்கும். பக்கத்து வீட்டுப் பையன் அதைச் சாக்கில் அள்ளிவந்து முயலுக்குக் கொட்டினான். கேரட்டில் சர்க்கரை, ஒரு சின்னத் துண்டு மிட்டாய் மாதிரி கொடுக்கலாம், சோறாகக் கொடுக்கக் கூடாது. சாணம் கூழாகி, வாலடியில் ஒட்டி, ஈ மொய்க்க ஆரம்பித்ததும்தான் என்னிடம் வந்தான். கேரட் தழை கொடுக்கலாம், தாராளமாகத் தின்னும். ஆனால் தோட்டத்தில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்காமல் எடுக்காதீர்கள். முட்டைக்கோஸ் மேல் இலையும் அப்படித்தான். அதிலும் கோஸ் வயிற்றில் காற்றைக் கிளப்பும். உருளைக்கிழங்குச் செடியின் தழை விஷம், பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் புல்தான். மலையில் தானாக முளைத்துக் கிடக்கும் கிக்கியூ புல் போதும், ரோட்டோரத்துப் புகையும் நாய் மூத்திரமும் படாத இடத்தில் அறுக்க வேண்டும். வெயில் அடிக்கிற பிப்ரவரி, மார்ச்சில் அறுத்துக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். மழைக்காலத்தில் காயாத புல்லை மூட்டை கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், மோந்து பார்த்தாலே தெரியும். ஆன்லைனில் டிமோதி புல் என்று விற்கிறார்கள். நல்லதுதான், ஆனால் விலையைப் பார்த்தால் மாட்டுக்குக் கொடுக்கிற நமக்கு நெஞ்சு அடைக்கும். வைக்கோலில் சத்து இல்லை, கீழே விரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அதிகாலையில் அது தன் பின்பக்கத்திலேயே வாயை வைத்து எதையோ தின்னும். பாப்பா பார்த்தால் அருவருப்பாக இருக்கும். திட்டாதீர்கள். முதல் சுற்றில் செரிக்காத சத்து மெத்தென்ற சாணமாக வரும், அதைத் தின்றால்தான் சத்து உடம்பில் ஒட்டும். மூத்திரம் சிவப்பாகப் போனாலும் உடனே பயப்படாதீர்கள், சில தழையைத் தின்றால் அந்த நிறம் வரும். இரண்டு நாளில் மாறாவிட்டாலோ, முக்கிக்கொண்டு போனாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:

உங்கள் மாமியார் குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முயலுக்கு ஆகாதது வெயில்தான். 30 டிகிரியைத் தாண்டினால் மூச்சிரைத்துப் படுத்துவிடும். அந்த வகையில் சமவெளிக்காரர்களைவிட நமக்குக் கொடுப்பினை. உறைபனி விழும் ஜனவரியில்கூட உலர்ந்த இடத்தில் நிறைய வைக்கோல் விரித்து, காற்று நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டால் சமாளித்துவிடும்.

நம் எதிரி ஈரம். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை. நமக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பர். சாரல் பக்கவாட்டில் வரும், மேலே தகரம் மட்டும் போட்டால் பத்தாது. மழை வரும் பக்கம் பலகை அடித்து, எதிர்ப்பக்கம் காற்றுப் போக விடுங்கள். குளிருகிறதே என்று நான்கு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். மூத்திர நெடி உள்ளேயே தங்கி மூக்கையும் நுரையீரலையும் கெடுக்கும். குமுட்டி அடுப்பு மூட்டிய அறையில் வைப்பதும் அப்படித்தான், கரிப்புகை நமக்கே ஆகாது.

கூண்டின் தரை முழுக்கக் கம்பி வலையாக இருந்தால் பாதத்தில் புண் வரும். பண்ணையில் சுத்தம் செய்ய வசதி என்று அப்படி வைக்கிறார்கள், வீட்டில் பாதிக்காவது பலகை போடுங்கள். கோழி வலை வேண்டாம். எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் குடியிருப்பில் கோழி வலையைக் கடித்துக் கிழித்துக் கீரி உள்ளே போய்விட்டது. கனமான வெல்டு மெஷ், நல்ல தாழ்ப்பாள், தரையிலிருந்து இடுப்பு உயரம் இருக்கட்டும். மரநாய், தெருப்பூனை எல்லாம் ராத்திரி சுற்றும். உள்ளே நுழைய முடியாவிட்டாலும் வெளியே நின்று மிரட்டினாலே பயத்தில் முயல் செத்துப்போகும். ராத்திரியில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவதுதான் என் கட்சி.

குன்னூர் அம்மா:

இவ்வளவு இருக்கிறதா! ஜோடியாக வாங்கத்தான் வேண்டுமா? தனியாக இருந்தால் ஏங்கிச் செத்துவிடும் என்றார்.

கோத்தகிரி ஆசிரியை:

முயல் கூட்டமாக வாழ்கிற பிராணிதான், துணை இருந்தால் நல்லது என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லும் ஜோடியில் எது ஆண், எது பெண் என்று அவருக்கே தெரியாது. சின்னக் குட்டியில் கைதேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். என் தங்கைக்கு 'ரெண்டும் பெண்' என்று கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் கூண்டின் மூலையில் முடிக்குவியல். சொறி வந்து முடி கொட்டிவிட்டது என்று நினைத்து அள்ளப் போனால் அடியில் ரோஸ் நிறத்தில் நெளிகிறது. தாய் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி மெத்தை போட்டிருக்கிறாள்!

சினைக்காலம் 30, 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினைபிடிக்கும், அதனால் ஆணை உடனே பிரிக்க வேண்டும். தாய் குட்டிகளிடம் போகவே மாட்டேன் என்கிறாள் என்று தங்கை ஃபில்லரில் பால் ஊற்றப் பார்த்தாள், நான் தடுத்தேன். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிஷம்தான் பால் கொடுக்கும், அதுவும் யாரும் பார்க்காதபோது. வயிறு உருண்டையாக இருந்தால் குடித்திருக்கிறது. எல்லாக் குட்டியையும் தலையில் கட்ட ஆள் தேடியது தனிக் கதை. வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ வரும் டீச்சர்?"

ஜோடி வேண்டுமென்றால் கருத்தடை செய்யத் தெரிந்த டாக்டரை முதலில் தேடுங்கள், அப்புறம் முயல். ஆணுக்குச் செய்தாலும் சில வாரம் தள்ளித்தான் பெண்ணோடு விட வேண்டும். கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயதானால் கருப்பையில் புற்றுநோய் வருவது அதிகம். இரண்டு ஆணைச் சேர்த்து வைத்தால் பருவம் வந்ததும் ரத்தம் வரச் சண்டை போடும்.

ஊட்டி, தலைகுந்தா பக்கம்:

டீச்சர் சொன்ன டாக்டர் விஷயம்தான் முக்கியம். இங்குள்ள கால்நடை மருத்துவமனைகளில் வேலையெல்லாம் மாடு, ஆடு, நாயோடு. முயலை நிறையப் பார்த்தவர் யார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள், கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டிவரலாம்.

முயல் வலியை வெளியே காட்டாது. காலையில் வைத்த புல் அப்படியே கிடந்து, சாணமும் போடவில்லையென்றால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக் கூடாது. அரை நாள் குடல் ஓடாமல் நின்றாலே ஆபத்து. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான்.

மழைக்காலத்தில் காது, மூக்கு, பாதத்தில் வெள்ளைப் பொருக்கோடு சொறி வரும், படர்தாமரையும் வரும். இரண்டும் குழந்தைக்கும் தொற்றும். கடைக்காரர் நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரேயை நீட்டுவார். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு எமன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் போனது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பையும் ஊற்றாதீர்கள், வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துக் கொன்றுவிடும். சொறிக்கு டாக்டர் போடும் ஊசியே சரியாகக் கேட்கும்.

கூடலூர்த் தம்பி:

நான் வளர்த்ததில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை கவாத்து வெட்டும்போது புதருக்கடியில் குட்டி முயல் தனியாகக் கிடந்தது என்று வேலையாட்கள் தூக்கிவந்து குழந்தைகளிடம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது காட்டு முயல், பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும் வகை. வீட்டு முயல் குட்டி முடியில்லாமல் கண் மூடிப் பிறக்கும். இது முடியோடும் கண் திறந்தும் பிறக்கும், குழி தோண்டாமல் புல்லுக்குள்ளேயே கிடக்கும். தாய் பொழுது சாயத்தான் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அநாதை என்று நினைத்து எடுத்துவந்தால் நாம்தான் அதை அநாதையாக்குகிறோம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதும் குற்றம். யாராவது 'மலை முயல், இலவசம்' என்று கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள் அக்கா. எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்:

தழை பற்றி ஒரு சேர்க்கை. எங்கள் கீழ்ப்பழனியில் காப்பிக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரம் நிறைய. அதன் இலை, பட்டை, பழம் எதையும் முயலுக்குக் கொடுக்கக் கூடாது. வேலியோரத்து உண்ணிச் செடி, தோட்டத்தில் தொங்கும் பெரிய மணிப்பூ, ஓடைப்பக்கத்து வெள்ளை லில்லி எல்லாமே விஷம். பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் கடிக்கக் குச்சி வேண்டும். பேரி, கொய்யாக் குச்சி கொடுங்கள், மருந்து அடிக்காத மரமாக. பிளம்ஸ், பீச்சின் பச்சைக் குச்சி வேண்டாம். கல்யாண முருங்கைத் தழை கிடைத்தால் கொஞ்சம் கொடுங்கள், எங்கள் பக்கம் முயல்காரர்கள் அதைத்தான் தேடி அலைவார்கள்.

குன்னூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. எத்தனை வருஷம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே?

மேல்மலை ஆள்:

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8, 10 வருஷம். பாப்பா காலேஜ் போகும்போதும் புல் அறுக்க வேண்டியது நீங்கள்தான். இதற்குச் சம்மதம் என்றால் முதலில் கூண்டை அடித்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் காலியாக வெளியே வையுங்கள். உள்ளே விரித்த வைக்கோல் நனையாமல் இருந்தால் வாங்கலாம்.