மறு: ‘மீட்சியற்ற மோதல்’ – ஃபெர்மி வாயுக்களுக்குப் பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

மீத்தண் ஃபெர்மி வாயுக்களில் (தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்விக்கப்பட்ட, ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு இருக்க இயலாத அணுக்களாலான வாயுக்களில்) நிகழும் inelastic collision என்பதற்கும் பாடநூலிலுள்ள ‘மீட்சியற்ற மோதல்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தைப் படித்தேன். பழகிய சொல்லை விடாதிருப்பது பொதுவாக நல்லதுதான். ஆயினும் மாணவர் மனத்தில் அச்சொல், மோதலுக்குப்பின் இயக்க ஆற்றல் குறைந்துவிடும் என்ற பொருளிலேயே பதிந்திருக்கிறது. இங்கு நடப்பதோ அதற்கு நேர்மாறு.

ஏறத்தாழ 198 காஸ் காந்தப்புலத்தில், பி-அலை ஃபெஷ்பாக் ஒத்ததிர்வை (ஓரலகு கோண உந்தத்துடன் நிகழும் மோதல், குறிப்பிட்ட காந்தப்புலத்தில் மிக வலுவாகும் நிலையை) ஒட்டியிருக்கும் பொட்டாசியம்-40 அணுக்களை எடுத்துக்கொள்வோம். மோதும் இரண்டில் ஒன்றின் தற்சுழற்சி நிலை ஒருபடி தாழ்ந்தால் விடுபடும் சீமன் ஆற்றல் (காந்தப்புலத்தில் தற்சுழற்சி நிலைகளுக்கிடையே உள்ள ஆற்றல் வேறுபாடு), வெப்பநிலையாகச் சொன்னால் 2 மில்லிகெல்வின் அளவினது. வாயுவோ 1 மைக்ரோகெல்வினை ஒட்டிய குளிரில் இருக்கிறது. விடுபட்டது முழுவதும் இயக்கமாக மாறுவதால் இரு அணுக்களுமே தம்மை அடைத்துவைத்துள்ள பொறியை விட்டு வெளியேறுகின்றன. ஆகவே ‘ஆற்றலிழப்பு மோதல்’ என்று மாற்றிக்கொள்வதும் நிற்காது; வாயு இழப்பது அணுக்களைத்தான். மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள லித்தியம்-6 அணுக்களுக்கு இவ்வழி அடைபட்டிருந்தாலும், மூன்று அணுக்கள் கூடி அவற்றுள் இரண்டு மூலக்கூறாகப் பிணையும்போது பிணைப்பாற்றல் அவ்வாறே இயக்கமாக வெளிப்படுகிறது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது துகள்களின் உள்நிலை (தற்சுழற்சி, பிணைப்பு போன்றவை) மாறுவதே என்பதால், ‘உள்நிலைமாற்ற மோதல்’ என்பதை முன்வைக்கிறேன். ‘அகநிலை’ செவிக்கு இனியதுதான்; ஆனால் இலக்கியத் திறனாய்வாளர்கள் அதை முன்பே வேறு பொருளுக்கு (subjective) எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு தடை எழலாம். லேசர் கற்றைகளால் வாயுவை நுண்குழாய்களில் அடைத்தால், குறுக்குத் திசை இயக்கம் அதன் அடிமட்ட ஆற்றல் நிலையில் முடங்குகிறது. மோதல் அதை மேல்மட்டத்துக்கு உயர்த்துமானால், அணுவின் உள்நிலை மாறாமலே நெடுக்குத் திசை ஆற்றல் குறையுமே? மட்டங்களின் இடைவெளியைவிட வெப்ப ஆற்றல் மிகச் சிறிதாக இருக்கும்வரை இதற்கு இடமில்லை. இடமுள்ள சூழலில் ‘குறுக்குக் கிளர்வு மோதல்’ என்று தனியே சுட்டலாம்.

இவ்வாறு இயக்கம் ஒரு திசைக்குக் குறுகிய வாயுவில் நிகழும் மோதலைக் ‘குறைபரிமாண மோதல்’ என்று சுருக்குவதை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். குறுக்கு மட்டங்களின் இடைவெளி பெரும்பாலும் சில மைக்ரோகெல்வின் அளவே. விடுபட்ட 2 மில்லிகெல்வினில் பாதியைப் பெற்று வெளியேறும் அணுவை அது கட்டுப்படுத்தாது. நெருங்கி வரும்போது ஒரு பரிமாணத்தில் இருந்தவை, பிரியும்போது மூன்றிலும் சிதறுகின்றன. எனவே அடைமொழியை வாயுவுக்கே கொடுத்து, ‘குறைபரிமாண ஃபெர்மி வாயுவில் உள்நிலைமாற்ற மோதல்’ என்று எழுதுவதே சரி எனக் கருதுகிறேன்.