லீச் இறக்குமதி ஆள் இல்லை: வளரும் ரக்பி நாடுகள் பற்றி

வியாசை_விங்கர்:
நேற்று காசிமேட்டு_கடலன் ஒரு பதிவில் அடித்துவிட்டிருந்தார்: "சின்ன நாடுகள் ரக்பியில் மேலே வரணும்னா ஜப்பான் வழிதான். நாலு நியூசிலாந்துக்காரனுக்கு ஜெர்சி மாட்டினால் போதும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2015-ல் பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று சாய்த்த ஜப்பான் அணியின் கேப்டன் மைக்கேல் லீச். 15 வயதில் சப்போரோவுக்குப் பள்ளிக்கூடம் படிக்க வந்த பையன். பல்கலைக்கழகமும் ஜப்பானில்தான். அவரை ஆளாக்கியது ஜப்பானின் பள்ளி ரக்பி. இது இறக்குமதியா?

காசிமேட்டு_கடலன்:
பிறந்தது எங்கே? நியூசிலாந்து. அவ்வளவுதான் விஷயம். அதே மேட்சில் கடைசி டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) வைத்த ஹெஸ்கெத்தும் அங்கே பிறந்தவர்தான். கோச் எட்டி ஜோன்ஸ் ஆஸ்திரேலியா. இன்னும் என்ன வேண்டும்?

தண்டையார்பேட்டை_தமிழ்:
லீச்சை விடுங்கப்பா. ஜார்ஜியாவைப் பாருங்கள். 2022-ல் இத்தாலியை ஜெயித்தார்கள், கார்டிஃபுக்கே போய் வேல்ஸை 13-12 என்று ஜெயித்தார்கள். ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய அணிகள் வருஷாவருஷம் மோதும் ஆறு நாடுகள் போட்டிக்குள் விடவில்லை. 2000-ல் இத்தாலியைச் சேர்த்ததோடு கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசி இடத்தில் நிற்கிற அணியைக் கீழே இறக்கும் வழக்கமே அங்கே கிடையாது. பெரிய அணிகளோடு வருஷாவருஷம் மோதாமல் எவன் வளருவான்?

வியாசை_விங்கர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 2022-ல் ஃபிஜியின் துருவா கிளப்பை சூப்பர் ரக்பி லீக்கில் சேர்த்தார்கள். வாராவாரம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா கிளப்களிடம் அடிபட்டுப் பழகினார்கள். அடுத்த வருஷமே உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று போட்டுத்தள்ளியது ஃபிஜி. சிலியும் அப்படித்தான். செல்க்னாம் என்று ஒரே ஒரு தொழில்முறை கிளப். ஒரே பசங்கள் சேர்ந்தே ஆடி, தகுதிச்சுற்றின் இரண்டு மேட்சும் சேர்த்து ஒரே ஒரு புள்ளியில் அமெரிக்காவை வெளியே தள்ளி 2023 உலகக் கோப்பைக்குப் போனார்கள். வழி அதுதான்: சின்ன வயதில் பள்ளி, அப்புறம் தொடர்ந்து கடினமான மேட்ச். லீச் வந்ததும் 15 வயதில், பள்ளிக்குத்தான்!

காசிமேட்டு_கடலன்:
அந்த ஃபிஜியை அதே உலகக் கோப்பையில் போர்ச்சுகல் 24-23 என்று ஜெயித்ததே, அதைச் சொல்ல மனசு வரவில்லையா? அது இருக்கட்டும். லீச் எங்கே பிறந்தார்? பதில் வரவில்லை.

ராயபுரம்_ரேவதி:
ஆண்கள் கதை மட்டும்தான் ஓடுமா இங்கே? 2019-ல் நம் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

தண்டையார்பேட்டை_தமிழ்:
அக்கா, நியாயமான கேள்வி. ஆனால் 2025-ல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கப் அடித்ததையே இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை.

ராயபுரம்_ரேவதி:
அந்த லீக் மொத்தமும் மும்பையில் நடந்தது தம்பி. பெயரில் சென்னை இருந்தால் நம் தெருப் பிள்ளைக்கு ஒரு பந்து வந்துவிடுமா?

வியாசை_விங்கர்:
ரேவதி அக்கா சொல்வது சரி. சாயங்காலம் எங்கள் ஏரியா கிரவுண்டுக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் பாட்டில் சில்லு. ஃபுட்பால் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். டேக்கிள் போட்டு, அதாவது பந்து வைத்திருப்பவனைப் பிடித்துச் சாய்த்து, விழுகிற பையனுக்கு முழங்கை தோல் உரிந்து தொங்குகிறது. புல்தரை இல்லாமல் விழக் கற்றுக்கொடுக்க முடியாது, விழக் கற்காதவனை டேக்கிளுக்கு அனுப்பவும் கூடாது. இதைச் சரிசெய்யாமல் வெளியூர் ஆளைத் தேடுவது வெட்டி வேலை. 15 வயதில் கையில் பந்தைக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி, பிறந்த ஊர் இல்லை.

காசிமேட்டு_கடலன்:
கிரவுண்டு, புல், முழங்கை... எல்லாம் வந்தது. லீச் பிறந்த ஊர் மட்டும் வரவில்லை. போன வருஷம் ஃபுட்பால் செலக்‌ஷனில் எங்கள் பசங்களை "வெளி ஏரியா" என்று கழித்துவிட்டவர் நீங்கள்தானே? அன்று மட்டும் பிறந்த ஏரியா முக்கியமாக இருந்ததோ?

வியாசை_விங்கர்:
உங்கள் பசங்கள் மூன்று நாள் பிராக்டிஸுக்கே வரவில்லை. வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது, போட்டோ போடட்டுமா?

காசிமேட்டு_கடலன்:
போடுங்கள். கையெழுத்து யாருடையது என்று அப்புறம் பேசலாம்.