மறு: ஆஸ்திரேலியக் கால்பந்து: ‘ஹோல்டிங் த பால்’ என்பதற்கு ‘விடாப்பிடி’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்துச் சொற்பட்டியலுக்காக, ‘ஹோல்டிங் த பால்’ என்ற குற்றத்துக்குத் தமிழில் ‘விடாப்பிடி’ என்ற சொல்லைச் சனிக்கிழமை நான் முன்வைத்த பிறகு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு மறுப்புகளுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒன்று என்னை மாற்றியும்விட்டது.

> ‘ஹோல்டிங் த பால்’ என்றால் பந்தைப் பிடித்திருத்தல்தானே. நேராகவே மொழிபெயர்த்துவிடலாமே?

நேராக மொழிபெயர்த்தால் விதியே தலைகீழாகிவிடும். இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்திருப்பது குற்றமே இல்லை. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். 15 மீட்டருக்குள் ஒருமுறை தரையில் தட்டினால் போதும், மேலும் ஓடலாம். எதிரணிக்காரர் வந்து மடக்கிய பிறகும் விடாமல் இருப்பதுதான் குற்றம். ஆங்கிலப் பெயரே பாதியைத்தான் சொல்கிறது. அந்தப் பாதியை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து, வழியில் யாரும் தொடாமல் ஒருவர் கைக்கு வந்தால் அது ‘மார்க்’. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் கிரிக்கெட் ‘கேட்ச்’சைப் ‘பிடி’ என்றும் ‘பிடியெடுப்பு’ என்றும் எழுதிப் பழகியவை. மார்க்குக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. அப்படியானால் பந்தைப் பிடித்தல் பாராட்டு, பந்தைப் பிடித்திருத்தல் குற்றம் என்று ஆகிவிடும். படிப்பவர் தடுமாறுவார்.

சரி, விதிக்கு வருவோம். பந்தை விடுவதற்கு இரண்டே வழிகள்தான்: உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் மூடிய முஷ்டியால் குத்தலாம். எறியக் கூடாது. இந்த இரண்டுக்கும் பொதுவான ‘டிஸ்போசல்’ என்பதை ‘விடுகை’ என்று வைத்துக்கொள்வதில் இங்கே யாருக்கும் மாறுபாடு இல்லை என்று நினைக்கிறேன். ‘டாக்கிள்’ என்பதற்கு ‘மடக்கு’. ஓடுகிறவனை மடக்கிப் பிடித்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதானே.

இப்போது ஒருவர் மடக்கப்படுகிறார். நடுவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மடக்குக்கு முன்பே பந்தை விட இவருக்கு வாய்ப்பு இருந்ததா? இருந்திருந்தால் உடனே சரியான முறையில் விட வேண்டும். விடாவிட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். வாய்ப்பே இல்லாமல், பந்து கைக்கு வந்த கணத்திலேயே மடக்கப்பட்டிருந்தால், விடுவதற்கு உண்மையாக முயன்றாரா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். முயன்றும் முடியவில்லை என்றால் நடுவர் பந்தை வாங்கி மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வார். கூடவே, மடக்கியவரின் கை தோளுக்கு மேல் போனதா, முதுகில் தள்ளினாரா என்றும் பார்க்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் ஃப்ரீ கிக் அப்படியே மறுபக்கம் போய்விடும். இத்தனையும் ஒரு நொடிக்குள்.

ரசிகர் சண்டை முழுக்க இங்கேதான் பிறக்கிறது. 2020இல் ஹாதார்ன் அணியின் பயிற்றுநர் அலஸ்டைர் கிளார்க்சன், நார்த் மெல்பன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் தன் வீரர்கள் 69 முறை மடக்கியும் இந்த விதியின்கீழ் ஒரு ஃப்ரீ கிக்கூடக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகக் குறைப்பட்டார். அடுத்த சுற்றிலேயே நடுவர்கள் விதியைக் கடுமையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2024 பருவத்தின் நடுவிலும் போட்டியை நடத்தும் லீக் (ஏஎஃப்எல்) மறுபடி தலையிட்டு, பந்தை விடத் தரும் நேரத்தைச் சுருக்கச் சொன்னது. விதியின் எழுத்து அப்படியே இருந்தது, அளவுகோல்தான் மாறியது. போன வாரம் விட்டுவிட்ட அதே மடக்குக்கு இந்த வாரம் விசில் ஊதினால் ரசிகருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதில் நியாயமும் இருக்கிறது.

கேமராவால் தீர்க்கலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கோல் மறுபார்வை 2012இல் வந்தது. பந்து கம்பத்தில் பட்டதா (பட்டால் கோல் இல்லை) என்பதைக் கேமரா சொல்லும். 2023 ஆகஸ்டில் அடிலெய்ட் அணியின் பென் கீஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டதாகக் கோல் நடுவர் முடிவு செய்தார். மறுபார்வை பார்க்காமலே ஆட்டம் தொடர்ந்தது. சிட்னியிடம் அடிலெய்ட் ஒரே புள்ளியில் தோற்றது. தவறு நடந்துவிட்டது என்று மறுநாளே லீக்கின் தலைமை ஒப்புக்கொண்டது. அடிலெய்ட் ரசிகர்களுக்கு அந்த ஒப்புதல் ஆறுதலாக இருந்திருக்காது. ஆனாலும் பட்டதா படவில்லையா என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. ‘உண்மையாக முயன்றாரா’ என்பதற்கு எத்தனை கேமரா வைத்தாலும் விடை பார்ப்பவர் மனத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். நடுவர் எதை எடைபோடுகிறாரோ அது பெயரிலேயே தெரிய வேண்டும். அவர் எடைபோடுவது பிடியை அல்ல, விடுகையை.

இனி என்னை மாற்றிய மறுப்பு.

> மடக்கும்போது பந்தை நழுவவிட்டாலோ எறிந்துவிட்டாலோகூட இதே விதியில்தான் ஃப்ரீ கிக் கொடுக்கிறார்கள். அங்கே பந்து கையைவிட்டுப் போய்விட்டதே. அதை எப்படி விடாப்பிடி என்பது?

மிகச் சரி. நான் இதை யோசிக்கவில்லை. விதிநூல் முறையற்ற விடுகையையும் இதே தலைப்பில்தான் வைத்திருக்கிறது. கீழே கிடக்கும் பந்தைத் தனக்கு அடியில் இழுத்து அணைத்துக்கொள்வதும் இதே கணக்குதான். ஆகவே தலைப்புக்கு ‘விடுகைப் பிழை’ என்று வைப்போம். அதற்குள் பந்தை விடாமலே இருப்பது ‘விடாப்பிடி’, எறிவதும் நழுவவிடுவதும் ‘முறையில் விடுகை’, அடியில் இழுத்துக்கொள்வது ‘அணைப்பு’. ‘முறையில்’ என்பதை ‘முறையோடு’ என்று தப்பாகப் படிக்க இடம் இருப்பதால் ‘முறையிலா விடுகை’ என்றே எழுதுவது நல்லது.

விடாப்பிடி என்றால் உறுதி, அது பாராட்டுச் சொல் ஆயிற்றே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். விடாப்பிடியாகப் படித்தான் என்றால் பாராட்டு. விடாப்பிடியாக மறுத்தான் என்றால் குறை. இரண்டுக்கும் அந்தச் சொல் இடம் தருகிறது. மடக்கப்பட்ட வீரரும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார், ஒரு நொடி முன்பு வரை அந்த உறுதிக்காகத்தான் கைதட்டினோம்.

போன ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமாவை மெல்பனின் எம்சிஜி மைதானத்துக்கு அழைத்துப் போனேன். முதல் கால்பகுதியில் சுற்றியிருந்த கூட்டம் முழுவதும் ‘ஹோல்டிங் த பால்’ விசில் கேட்டு ‘பா...ல்!’ என்று கத்தியதும் திகைத்துப்போனார். “ஏன் தம்பி, உவன் பந்தைத்தானே பிடிச்சவன், அதில என்ன பிழை?” என்று கேட்டார். பிடித்தது பிழையில்லை மாமா, மடக்கினதும் விட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். மூன்றாம் கால்பகுதியில் அவரே எழுந்து நின்று “விடேல்லை! விடேல்லை!” என்று கத்தினார். விதியின் சாரம் அவர் வாயில் தானாக வந்துவிட்டது. ‘விடு’ என்ற வேரை நான் பிடித்துக்கொண்டதே அன்றைக்குத்தான்.

மடக்குக்கு முன்பே பந்தை விட இருந்த வாய்ப்பை, அதாவது ‘பிரையர் ஆப்பர்ச்சூனிட்டி’யைக் குறிக்க நான் எழுதிய ‘விடவாய்ப்பு’ வேண்டாம், ‘முன்வாய்ப்பு’ போதும் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். ஏற்கிறேன். மடக்குக்கு முன்பா பின்பா என்பதுதான் அங்கே கேள்வி; ‘முன்’ இல்லாவிட்டால் சொல்லுக்கு வேலையே இல்லை. ‘விட’ என்பது ஒப்பிடும் ‘விட’ போலவும் ஒலிக்கிறது.

மீதி இருப்பது ‘ஹோல்டிங் த மேன்’. பந்து கையில் இல்லாதவரைப் பிடித்து நிறுத்தும் குற்றம். பந்து கையைவிட்டுப் போன பிறகும் மடக்கியவர் கையை எடுக்காவிட்டால் இதுதான் விசில், அதனால் விடாப்பிடிக்கு மிக அருகில் நிற்கிறது. ‘ஆள்பிடி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆள் சேர்ப்பது போல ஒலிக்கிறது. ‘பந்திலாப் பிடி’ என்றால் யாரிடம் பந்து இல்லை, பிடித்தவரிடமா பிடிபட்டவரிடமா என்று தெரியவில்லை. கபடி ஆடிய யாராவது இதற்கு ஒரு சொல் தர முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
மெல்பனிலிருந்து